பண்ணை வேலையில் நேரும் விபத்துக்களும் நஷ்டஈடு பெறும் முறையும்

களத்தில் மாடு பூட்டிப் போரடித்து வந்த நாட்களில் கூலியாட்களுக்கு ஏற்பட்டுவந்த காயங்கள் பெரும்பாலும் அரிவாள் பட்ட விரலும், மாடு மிதித்த காலும், முள் தைத்த பாதமுமாகவே இருந்தன. மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு நாலு நாளில் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். கதிரடிக்கும் யந்திரமும், டிராக்டரும், அதன் பின்னே சுழலும் ரோட்டவேட்டரும், தீவனம் நறுக்கும் சக்கரமும், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரும், விசைத் தெளிப்பானும் கிராமங்களில் பரவிய பின்னர் காயத்தின் தன்மையே மாறிவிட்டது. கதிர்க்கட்டை உள்ளே தள்ளும் கை, மணிக்கட்டு வரையில் போகிறது. சுழலும் தண்டில் வேஷ்டி முனையோ புடவைத் தலைப்போ சிக்கினால் ஆளையே இழுத்துவிடுகிறது. ஈரக் காலுடன் சுவிட்சைத் தொட்டவர் அங்கேயே விழுகிறார். இவை யாவும் ஒரு குடும்பத்தின் ஜீவனத்தை ஒரே நிமிஷத்தில் நிறுத்திவிடக்கூடியவை.

இத்தகைய விபத்து நேர்ந்தபின் கிராமங்களில் சாதாரணமாக நடப்பது யாதெனில், நிலக்காரர் ஈவிரக்கத்துடன் காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் செலவைத் தாமே கொடுத்துவிடுகிறார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடி ஒரு தொகையைத் தீர்மானிக்கிறார்கள். அத்தொகை கைமாறியதும் ஒரு காகிதத்தில், "இனி எவ்வித பாத்தியமும் இல்லை" என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்வதுடன் விஷயம் முடிந்ததாக இரு தரப்பினரும் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது முடியவில்லை. காயமுற்றவர் தமக்கு உரியதில் ஒரு சிறு பங்கையே பெற்றிருப்பார். நிலக்காரரோ பணமும் கொடுத்துப் பொறுப்பிலிருந்தும் விடுபடாதவராக இருப்பார். இருவரும் நஷ்டப்படும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் கெட்ட எண்ணமன்று, முறை தெரியாமையே.

சட்டத்தின் வரலாறு

இந்தியாவில் வேலையாட்களின் விபத்துக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்ற கடமையை முதன்முதலில் பொதுவாக விதித்தது 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அது 1924-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆலை, சுரங்கம், ரயில்வே முதலியவற்றையே அது முக்கியமாகக் கருதியது. மண்வெட்டியும் ஏருமாக இருந்த விவசாயம் அதன் கண்ணில் படவில்லை. விசையால் ஓடும் யந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாயம் பிற்பாடு சேர்க்கப்பட்டது. 1995-ம் வருஷத்துத் திருத்தமே நிலத்தைச் சாகுபடி செய்தல், கால்நடை வளர்த்தல் ஆகிய வேலைகளில் அமர்த்தப்பட்டவர்களைப் பொதுவாக அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2009-ம் வருஷத்துத் திருத்தத்தால் "தொழிலாளர்" என்பது "பணியாளர்" என்று மாறியது. கடைசியாக 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவை யாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டு 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி அமலுக்கு வந்திருக்கிறது. அத்தேதிக்கு முந்திய விபத்துக்களுக்குப் பழைய சட்டத்தின்படி ஏற்பட்ட உரிமை அழிந்துவிடவில்லை. பெயரும் பிரிவு எண்களும் மாறினவே தவிர, நஷ்டஈட்டின் அடிப்படை ஏறக்குறைய நூறு வருஷமாக இருந்துவரும் அதே அடிப்படைதான்.

எந்தெந்த வேலைகள் அடங்கும்

சாகுபடி வேலை, கால்நடை வளர்ப்பு, டிராக்டர் முதலிய விசை யந்திரங்களால் செய்யும் விவசாயம், யந்திரத்தால் அறுவடை செய்தலும் கதிரடித்தலும், பூச்சிமருந்து தெளித்தலும் தூவுதலும், கிணறு வெட்டுதலும் ஆழப்படுத்துதலும், தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டுக்களை அமைத்தலும் பழுதுபார்த்தலும், பனை முதலிய மரங்களில் கள் பதநீர் இறக்குதல், மரம் வெட்டுதல் ஆகிய யாவும் அட்டவணையில் கண்டவை. பண்ணையில் நடக்கும் வேலைகளில் இதற்கு வெளியே நிற்பது மிகச் சொற்பம்.

"அவர் தினக்கூலிதானே, நம்முடைய நிரந்தரப் பண்ணையாள் அல்லவே" என்று சொல்வதுண்டு. அந்தச் சொல் இப்பொழுது செல்லாது. தற்செயலாக வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களைப் பற்றிய பழைய விலக்கு 2000-ம் வருஷத்துத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஒரே நாள் நடவுக்கு வந்த பெண்மணிக்கும், பத்து வருஷமாக மாடு கட்டிவரும் ஆளுக்கும் இவ்விஷயத்தில் வித்தியாசம் இல்லை. வடநாட்டிலிருந்து நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் வருபவர்களுக்கும் அதே உரிமையே. அவர்கள் ஊர் திரும்பிப் போய்விட்டாலும், தாம் குடியிருக்கும் இடத்து அதிகாரியிடமே மனுச் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதை நிலக்காரர்கள் தெரிந்துகொள்வது நலம்.

விபத்தானது வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்திருக்கவேண்டும். இராக்காலத்தில் மடை திருப்பப் போன ஆளைப் பாம்பு தீண்டுவது இவ்வகையில் அடிக்கடி கேள்விக்கு வருவது. நிலக்காரரின் வேலைக்காகவே அவர் அந்நேரத்தில் அவ்வரப்பில் நிற்க நேர்ந்தது என்று காட்டக்கூடுமானால் மனுவுக்கு ஆதாரம் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்தையும், நேரமும் இடமும் வேலையோடு தொடர்புபட்டிருப்பின், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளவேண்டும் என்று 2020-ம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. கூலியாட்களைச் சரக்கு வண்டியில் நெருக்கி ஏற்றிச்செல்லும் வழக்கமுள்ளவர்கள் இதைச் சிறிது யோசிக்கவேண்டும்.

யார்மேல் குற்றம் என்ற கேள்வி

சிவில் கோர்ட்டு வியாஜ்ஜியங்களைப்போல இங்கே நிலக்காரரின் தவறு நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. யந்திரம் புதிதாக இருந்தாலும், எச்சரிக்கை சொல்லியிருந்தாலும், காயமுற்றவரே அஜாக்கிரதையாக நடந்திருந்தாலும் பொறுப்பு நீங்காது. குடிவெறியில் இருந்தது, பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தைத் தெரிந்தே கழற்றியது ஆகிய மூன்று சந்தர்ப்பங்களில் மாத்திரம் நிலக்காரர் மறுக்கலாம். அந்த மறுப்பும், விபத்து மரணத்திலோ முழு ஊனத்திலோ முடிந்திருந்தால் செல்லாது. கதிரடிக்கும் யந்திரத்தின் வாய்க்கூண்டை, "கட்டு சீக்கிரம் இறங்கவில்லை" என்று நிலக்காரரே கழற்றி வைத்திருந்தால் மறுக்க யாதொரு வழியும் இல்லை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இந்த யந்திரங்களால் வடநாட்டில் ஏராளமான கைகள் போனதன் பேரிலேயே 1983-ம் வருஷத்தில் அபாயகரமான யந்திரங்களைப் பற்றித் தனிச் சட்டம் ஒன்றைப் பார்லிமெண்டு நிறைவேற்றிற்று.

மூன்று நாட்களுக்கு மேற்படாத ஊனத்திற்கு நஷ்டஈடு இல்லை. சிராய்ப்புக்கும் சுளுக்குக்கும் சட்டம் வரவில்லை.

முதல் நாளில் செய்யவேண்டியவை

மனு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். அப்பொழுது கூட வந்தவர்கள், போலீஸ் தொந்தரவு வருமோ என்ற பயத்தினாலோ, நிலக்காரர் மேல் உள்ள மரியாதையினாலோ, "வீட்டில் விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவ்வார்த்தை விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து யந்திரத்தில் கை போனது என்று மனுச் செய்தால், முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தப் பதிவேடே. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதையே பிடித்துக்கொள்ளும். ஆகவே பாலிஸி எடுத்திருக்கும் நிலக்காரருக்குங்கூட அந்தப் பொய் கெடுதலாகவே முடியும். எந்த யந்திரம், எந்த நிலம், யாருடைய வேலை, எத்தனை மணி என்பவற்றை உள்ளபடியே சொல்லிப் பதியவைத்து, பதிவேட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

மருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்தவர்களைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மருந்து டப்பாவையோ அதன் மேலொட்டிய சீட்டையோ ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வது சிகிச்சைக்கும் உதவும்; சாட்சியத்துக்கும் உதவும். விஷம் உடம்பில் சேர்ந்தது என்று மாத்திரம் எழுதியிருந்தால், தற்கொலை முயற்சி என்ற சந்தேகம் பின்னால் எழுகிறது. வயலில் தெளிக்கையில் சேர்ந்தது என்பதையும் எழுதும்படி வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மரணம் நேர்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் கொடுப்பதும் பிரேத பரிசோதனை நடத்துவதும் அவசியம். பாம்பு கடித்து இறந்தவரையும் மின்சாரம் தாக்கி இறந்தவரையும் அன்று மாலையே எடுத்து அடக்கம் செய்துவிடும் குடும்பத்தார், துக்கம் ஆறியபின் எந்த அலுவலகத்திற்குப் போனாலும் இந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். அப்பொழுது அதை எங்கிருந்தும் உண்டாக்க முடியாது. கிராம அதிகாரிகள் அந்நேரத்தில் பக்கத்திலிருந்து இதை எடுத்துச் சொல்வது பேருபகாரமாகும்.

காயமுற்றவரோ அவர் குடும்பத்தாரோ நிலக்காரருக்கு எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பெயர், விலாசம், விபத்து நேர்ந்த தேதி, காரணம் ஆகியவற்றைச் சாதாரண பாஷையில் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினால் போதும். அறிவிப்பில் ஏதேனும் குறை இருந்தாலும், நிலக்காரருக்கு விபத்து வேறு வழியில் தெரிந்திருந்தால் மனு தள்ளுபடியாகாது. அறிவிப்புப் பெற்ற மூன்று நாட்களுக்குள் நிலக்காரர் தம் செலவில் வைத்திய பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் காயமுற்றவர் அதற்கு உட்படவேண்டும். தக்க காரணமின்றி மறுத்தால் நஷ்டஈடு நிறுத்திவைக்கப்படும்.

தொகையைக் கணக்கிடும் விதம்

நஷ்டஈட்டுத் தொகை யாருடைய மனம்போனபடியும் தீர்மானிக்கப்படுவதன்று. மாதச் சம்பளம், வயது, ஊனத்தின் அளவு என்ற மூன்றையும் கொண்டு கணக்கிடப்படுவது. மரணமானால் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 50-ம், முழு ஊனமானால் நூற்றுக்கு 60-ம் எடுத்துக்கொண்டு, அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்கவேண்டும். அந்த எண் 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09, 60 வயதுக்கு 117.41 என்று வயது ஏற ஏறக் குறைந்துகொண்டு வருகிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. 2010-ம் வருஷத்தில் அது ரூ. 8,000 ஆக வைக்கப்பட்டது. 2020-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. இவ்வரம்பும் குறைந்தபட்சத் தொகையும் மத்திய சர்க்காரின் அறிவிப்பினால் மாறக்கூடியவை. ஆகையால் மனுச் செய்யும் சமயத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தினக்கூலியாருக்கு மாதச் சம்பளம் என்பது எது என்ற சந்தேகம் இங்கே எழும். அவர் அந்நிலக்காரரிடம் ஒரு மாதத்திற்குக் குறைவாகவே வேலை செய்திருந்தால், அதே வேலையை அவரிடமோ அவ்வட்டாரத்திலோ செய்யும் மற்றொருவர் மாதத்தில் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கிறாரோ அதுவே கணக்கு. தொடர்ந்து பல மாதம் வேலை செய்திருப்பவருக்கு அவர் வாங்கிய கூலியையே கொண்டு கணக்கிடவேண்டும். கூலிக் கணக்கு நோட்டு ஒன்றை ஒழுங்காக எழுதி வருகிற பண்ணைகளில் இந்தத் தகராறே எழுவதில்லை. நோட்டு இல்லாத இடத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 300 என்பார், மற்றவர் 700 என்பார். அதிகாரி குறைந்தபட்சக் கூலி அறிவிப்பையும் வட்டார வழக்கத்தையும் பார்த்துத் தீர்மானிப்பார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் ரூ. 12,000 ஆகவும் வயது 30 ஆகவும் உள்ள ஒருவருக்குக் கதிரடிக்கும் யந்திரத்தில் கட்டைவிரல் நீங்கலாக வலது கையின் நான்கு விரல்களும் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் நூற்றுக்கு 60 என்பது ரூ. 7,200. அதை 207.98-ஆல் பெருக்கினால் ரூ. 14,97,456, இது முழு ஊனத்திற்கு உரிய தொகை. ஒரு கையின் நான்கு விரல்களும் போவதைச் சட்டத்தின் அட்டவணை நூற்றுக்கு 50 என்று மதிப்பிடுகிறது. ஆகவே அவருக்குச் சேரவேண்டியது ரூ. 7,48,728. மணிக்கட்டோடு கையே போயிருந்தால் நூற்றுக்கு 60. கட்டைவிரல் மாத்திரம் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. மற்றக் கண் நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. அட்டவணையில் இல்லாத காயமானால், சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதிபெற்ற வைத்தியர் அத்தாட்சியில் குறிக்கவேண்டும். அதே 30 வயதுக்காரர் மரணமடைந்திருந்தால் குடும்பத்திற்குச் சேரவேண்டியது ரூ. 12,47,880. 50 வயதானவராக இருந்தால் ரூ. 9,18,540. இதனால் வயதுக்கு அத்தாட்சி எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். ஐந்து வயது கூடுதலாக எழுதப்பட்ட ஒரு கார்டினால் குடும்பம் பெருந்தொகையை இழக்கக்கூடும்.

கொஞ்ச காலம் மட்டும் வேலைக்குப் போக முடியாமல் இருப்பவருக்கு அரைமாதத்திற்கு ஒரு தடவை, மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 வீதம் கொடுத்துவரவேண்டும். ரூ. 12,000 சம்பளக்காரருக்கு அது ரூ. 3,000. ஊனம் நீடிக்கும் வரையில், அதிகபட்சம் ஐந்து வருஷம் வரையில், இது தொடரும். ஊனம் 28 நாட்களோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு. இல்லாவிடில் முதல் மூன்று நாட்கள் தள்ளுபடி.

சிகிச்சைச் செலவு இவற்றோடு சேராதது. 2009-ம் வருஷத்துத் திருத்தத்திலிருந்து, வேலையில் பட்ட காயத்திற்கான உண்மையான சிகிச்சைச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சம் கட்டிவிட்டேன், அதை நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நிலக்காரருக்கு வழி இல்லை. இதை அறியாமையே கிராமத் தீர்ப்புக்களில் மிகப் பெரிய பிழை.

கைநாட்டுக் காகிதத்தின் மதிப்பு

மேலே கூறிய, "இனி பாத்தியமில்லை" என்ற காகிதத்துக்கு வருவோம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ செய்துகொள்ளும் எந்த உடன்படிக்கையும் அந்த அளவுக்குச் செல்லாது என்பது 1923-ம் வருஷத்திலிருந்தே உள்ள விதி. நாலு பேர் சாட்சி போட்டிருந்தாலும், முத்திரைத் தாளில் எழுதியிருந்தாலும் அதே கதிதான்.

மரணம் நேர்ந்த இடத்தில் விதி இன்னும் கண்டிப்பானது. நஷ்டஈட்டை, தொழிலாளர் துறையைச் சேர்ந்த, இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடமே கட்டவேண்டும். விதவையின் கையில் நேராகக் கொடுத்த தொகை, கொடுத்ததாகவே கருதப்படாது. நல்ல மனதோடு கொடுத்தவர் மறுபடியும் கொடுக்கவேண்டிவரும் விபரீதம் இதனால் உண்டாகிறது. உடனடிச் செலவுக்காக இறந்தவரின் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை மட்டும் முன்பணமாகக் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். அதை அதிகாரி கணக்கில் கழித்துக்கொள்வார். ஈமச் செலவுக்கான தொகை வேறு. 2020-ம் வருஷத்துச் சட்டத்தில் அது ரூ. 15,000-க்குக் குறையாததாக வைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் ஏன் இப்படி வளைத்துக்கட்டியது என்றால், விதவைக்கும் சிறு குழந்தைகளுக்கும் வந்த பணம், கடன்காரர்களும் உறவினர்களும் சூழ்ந்த அந்தப் பத்து நாளில் கரைந்துபோவதைப் பலகாலம் பார்த்தபின் செய்த ஏற்பாடு அது. அதிகாரி விசாரித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டு, மைனர்களின் பங்கை அவர்கள் நலனுக்காகப் போட்டுவைக்கும்படி உத்தரவிடுகிறார்.

ஊனம் நேர்ந்த சந்தர்ப்பத்தில் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையின் குறிப்பை அதிகாரிக்கு அனுப்பிப் பதிவு செய்யவேண்டும். தொகை போதாது என்றோ, பலவந்தத்தினாலோ மோசத்தினாலோ வாங்கப்பட்டது என்றோ கண்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செய்யாமல் விட்டால் நேர்வது என்னவெனில், நிலக்காரர் முழுத் தொகைக்கும் பொறுப்பாளியாவதோடு, அதிகாரி வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. மேற்கண்ட கணக்கில் ரூ. 7,48,728 கொடுக்கவேண்டியவர் பஞ்சாயத்தில் ரூ. 2,00,000 கொடுத்துக் கைநாட்டு வாங்கியிருந்தால், அதில் ரூ. 1,00,000 மாத்திரமே கழியும், மீதி ரூ. 6,48,728 அவர் தலைமேல் நிற்கும். ஒரு மணி நேரம் செலவிட்டுப் பதிவு செய்திருந்தால் இவ்வளவு சங்கடமில்லை.

வாடகை யந்திரமும் ஒப்பந்தக்காரரும்

அறுவடை யந்திரத்தையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் ஆட்களோடு வாடகைக்குக் கொண்டுவரும் வழக்கம் இப்பொழுது எங்கும் உள்ளது. ஆட்களுக்குக் கூலி கொடுப்பவர் யந்திர சொந்தக்காரர் ஆகையால் தமக்குச் சம்பந்தமில்லை என்று நிலக்காரர் எண்ணுவது இயல்பு. தம் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் தம் பொறுப்பிலுள்ள இடத்தில் செய்விப்பவர், அந்த ஆட்களைத் தாமே அமர்த்தியதுபோல் நஷ்டஈடு கொடுக்கும்படி நேரலாம். கொடுத்ததை ஒப்பந்தக்காரரிடமிருந்து மீட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ஆகையால் யந்திரத்தை வயலில் இறக்குமுன் அதன் சொந்தக்காரரிடம் ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுச் சீட்டைப் பார்ப்பது அநாகரிகமாகாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் டிராக்டர்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எடுக்கும் பாலிஸியில் டிரைவருக்கான நஷ்டஈட்டுப் பொறுப்பு அடங்கும். மட்கார்டின்மேல் உட்கார்ந்து சென்ற கூலியாள் விழுந்து இறந்தால் கம்பெனி கைவிரிப்பதே வழக்கமாக இருக்கிறது. அப்பொழுது முழுத் தொகையும் சொந்தக்காரரையே சாரும். மோட்டார் விபத்தாக இருப்பின் மேற்படி சட்டத்தின்படியோ நஷ்டஈட்டுச் சட்டத்தின்படியோ ஏதேனும் ஒரு வழியில் மனுச் செய்யலாம். இரண்டு வழியிலும் கேட்க முடியாது. களத்து வேலைக்கும் வயல் வேலைக்கும் தனியே பணியாளர் நஷ்டஈட்டுப் பாலிஸி பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் கிடைக்கிறது. நாலைந்து பேரை வைத்து வேலை வாங்கும் பண்ணைக்கு அதன் பிரீமியம் ஒரு மூட்டை உரத்தின் கணக்கில் பார்க்கத்தக்க செலவே. தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் தனி இன்ஷூரன்ஸ் திட்டம் நடத்திவருகிறது.

கிராம அதிகாரிகளின் பங்கு

விபத்தில் இறந்தவரின் குடும்பம் முதலில் வந்து நிற்பது கிராம நிர்வாக அலுவலரிடமே. இரண்டு வேறுபாடுகள் அவருக்குத் தெளிவாக இருக்கவேண்டும். முதலாவது, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் கண்ட எல்லோரும் நஷ்டஈட்டுச் சட்டப்படி ஆதரவில் இருந்தவர்கள் ஆகமாட்டார்கள். விதவை, மைனர் பிள்ளைகள், விவாகமாகாத பெண்கள், விதவையான தாய் ஆகியோர் நேராகவே அடங்குவர். தகப்பனார் முதலிய வேறு சிலர், இறந்தவரின் சம்பாத்தியத்தை நம்பி இருந்ததைக் காட்டவேண்டும். தனிக்குடித்தனம் செய்து சுயமாகச் சம்பாதிக்கும் மூத்த மகனின் பெயர் வாரிசுச் சான்றிதழில் இருப்பதால் மாத்திரம் அவருக்குப் பங்கு வராது.

இரண்டாவது, தமிழ்நாட்டில் 2011-ம் வருஷத்தில் ஏற்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் விபத்து உதவித்தொகை சர்க்கார் கொடுப்பது. நஷ்டஈடு நிலக்காரர் கொடுக்கவேண்டியது. திட்ட அட்டை வைத்திருப்பவர் அவ்வுதவிக்கு மனுக் கொடுப்பதோடு நஷ்டஈட்டுக்கும் மனுக் கொடுக்கலாம். "சர்க்கார் பணம் வந்துவிட்டது, இனி என்ன" என்று சொல்லிக் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது சரியன்று.

வக்கீல் வைக்கச் சக்தியில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ இனாமாக உதவி கேட்கலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும் வருமானத்தைப் பாராமலே இவ்வுதவி கிடைக்கும்.

காலவரையறை

நஷ்டஈடு கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் கொடுக்காவிட்டால் வட்டி ஏறும். 1923-ம் வருஷத்துச் சட்டத்தில் அவ்வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 12. புதிய சட்டம் வட்டி வீதத்தை மத்திய சர்க்காரின் விதிகளுக்கு விட்டிருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணமில்லையென்று அதிகாரி கருதினால், தொகையில் பாதி வரையில் அபராதமாகவும் சேர்க்கலாம். தொகையில் தகராறு இருந்தாலும், தாம் ஒப்புக்கொள்ளும் அளவையாவது நிலக்காரர் உடனே கட்டிவிடவேண்டும். கட்டிய தொகைக்கு வட்டி நிற்கும்.

காயமுற்றவர் மனுச் செய்துகொள்ள விபத்து நடந்த தேதியிலிருந்து இரண்டு வருஷமும், மரணமானால் இறந்த தேதியிலிருந்து இரண்டு வருஷமும் தவணை உண்டு. தவணை கடந்துவிட்டாலும் போதிய காரணம் காட்டினால் அதிகாரி மனுவை ஏற்கலாம். நிலக்காரர் தொடர்ந்து, "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிக் காலம் கடத்தியிருப்பின் அவர் எழுதிய கடிதமோ, சிறு சிறு தொகையாகக் கொடுத்ததற்கான பாங்கிக் கணக்கோ அதற்கு ஆதாரமாக உதவும். மனுவை விபத்து நடந்த இடத்துக்கு அதிகாரமுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, காயமுற்றவர் வசிக்கும் இடத்து அலுவலகத்திலோ கொடுக்கலாம். அதனுடன் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு நகல், வைத்திய அத்தாட்சி, வயது அத்தாட்சி, அறிவிப்புக் கடிதத்தின் நகலும் தபால் ரசீதும், கூலிக்கு ஆதாரமாக எது உண்டோ அதுவும் இணைக்கவேண்டும். தீர்ப்பில் திருப்தியில்லாதவர் சட்டப் பிரச்னை இருந்தால் 60 நாட்களுக்குள் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம். நிலக்காரர் அப்பீல் செய்வதானால் தீர்ப்பான தொகையை அதிகாரியிடம் முதலில் கட்டி, அதற்கு அவர் கொடுக்கும் அத்தாட்சியை அப்பீலுடன் தாக்கல் செய்யவேண்டும்.